நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவையும் நச்சற்ற மாற்று ரவைகளும்: வேட்டங்குடிக் கண்மாய்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நீர்ப்பறவை வேட்டையில் பயன்படும் காரீய ரவை, சுடப்பட்ட பறவையை மட்டுமன்றிச் சுடப்படாத பறவையையும் கொல்கிறது. இதனை உணர்ந்த பல நாடுகள் ஈரநிலங்களில் காரீய ரவையை விலக்கி, எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் ஆகியவற்றாலான ரவைகளைப் புகுத்தியுள்ளன. இந்தியாவில் பறவை வேட்டையே சட்டத்தால் விலக்கப்பட்டிருப்பதால், ரவை எவ்வுலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்னும் வினா இங்கு எழாமலே நின்றுவிட்டது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சூழ்ந்த கண்மாய் நிலத்தை முன்வைத்து, வேட்டைத் தடையும் நச்சு நீக்கமும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நச்சற்ற ரவையைத் தேர்வதற்குரிய அளவுகோல்களையும், 'ஈயம்' என்னும் தமிழ்ச்சொல் இருவேறு உலோகங்களைச் சுட்டுவதால் விளையும் மயக்கத்தையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காரீயம், வெள்ளீயம், ரவை, கண்மாய், வேட்டங்குடி, வலசைப் பறவைகள், ஈரநிலம்

முன்னுரை

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குச் செல்லும் வழியில், செட்டிநாட்டின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களை உள்ளடக்கிய இச்சரணாலயம் 38.4 எக்டர் பரப்புடையது. 1977ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையால் கண்மாய்கள் நிறையும்போது நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை, வக்கா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலியன இங்குள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. பனிக்காலத்தில் வலசை வாத்துகளும் வந்து சேர்கின்றன.

கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. வெடியொலி கேட்டால் அடைகாக்கும் பறவை கூட்டை விட்டு எழும் என்பதே காரணம். எந்தச் சட்டமும் விதிக்காத கட்டுப்பாட்டை ஓர் ஊர் தானே ஏற்று, தலைமுறை மாறியும் காத்துவருவது பாராட்டுக்குரியது. எனினும் பறவைக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் யாவும் ஒலி எழுப்புவதில்லை. துப்பாக்கி ஓசை அடங்கிப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் கண்மாய்ச் சேற்றில் கிடந்து பறவையைக் கொல்லவல்ல ஒரு பொருள் உண்டு. அதுவே காரீய ரவை. வெடியொலியை விலக்கிய அதே அக்கறை இவ்வுலோகத்தின்மீதும் திரும்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

'வேட்டம்' என்பது வேட்டையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வேட்டங்குடி என்னும் ஊர்ப்பெயரின் முற்பகுதி அவ்வாறே ஒலிக்கிறது. இவ்வொலியொப்புமையை மட்டும் கொண்டு ஊர் வரலாற்றை எழுதுதல் பொருந்தாது. எனினும் வேட்டையைப் பெயரில் ஏந்தியது போல் தோன்றும் ஓர் ஊர் பறவைகளின் புகலிடமாக விளங்குவது, வேட்டைக்கும் காப்புக்கும் இடையிலான உறவை ஆராயத் தக்க களமாக அதனை ஆக்குகிறது.

1. கலைச்சொல் விளக்கம்: காரீயமும் வெள்ளீயமும்

இப்பொருளைத் தமிழில் பேசப் புகுவோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒரு சொல் மயக்கம். வழக்குத் தமிழில் 'ஈயம்' என்னும் சொல் இருவேறு உலோகங்களைச் சுட்டுகிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசப்படும் ஈயமும் வெள்ளீயம் ஆகும். வலையின் விளிம்பில் கோக்கப்படும் ஈயக் குண்டும் துப்பாக்கியில் இடப்படும் ஈய ரவையும் காரீயம் ஆகும். முன்னது உணவுக் கலத்துக்கு உரியது. பின்னது உடலில் சிறிதளவு சேர்ந்தாலும் கேடு செய்வது.

இவ்வேறுபாடு வேதியியலார்க்கு மட்டும் உரிய நுணுக்கம் அன்று. பின்னர்க் காணவிருக்கும் நச்சற்ற ரவைகளுள் ஒன்றான பிஸ்மத் ரவையில் வெள்ளீயம் கலக்கப்படுகிறது. 'ஈயம் கலந்த ரவை நஞ்சு' என்று பொதுப்படக் கூறினால், மாற்றாக முன்வைக்கப்படும் பொருளும் நஞ்சாகக் கருதப்படும். மறுபுறம், பாட்டி காலத்து ஈயச் சொம்பை நினைவில் கொண்டோர், ஈய ரவையாலும் தீங்கில்லை என்று கருதக்கூடும். ஆகவே சூழலியல் எழுத்தில் 'ஈயம்' என்று வாளா எழுதாமல், காரீயம் அல்லது வெள்ளீயம் என்று தெளிந்து எழுதுவது இன்றியமையாதது. இக்கட்டுரை அம்முறையையே பின்பற்றுகிறது.

'ரவை' என்பது ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கியிலிருந்து ஒரே வெடிப்பில் சிதறிச் செல்லும் சிறு உலோக உருண்டைகளைக் குறிக்கிறது. ஒற்றைக் குண்டைச் செலுத்தும் துப்பாக்கியினின்று இது வேறுபட்டது. பறக்கும் பறவையை ஒற்றைக் குண்டால் வீழ்த்துவது அரிது என்பதால், உருண்டைகள் விரிந்து பரவும் இத்துப்பாக்கியே பறவை வேட்டைக்கு உரியதாயிற்று.

2. காரீய ரவை பறவையைக் கொல்லும் வகை

ஏறத்தாழ 2.8 மி.மீ. விட்டமுள்ள ஆறாம் எண் ரவையை எடுத்துக்கொள்வோம். காரீயத்தாலான அத்தகைய ரவை ஒன்றின் எடை ஏறக்குறைய 0.13 கிராம். 32 கிராம் ரவை கொண்ட ஒரு தோட்டாவில் சுமார் 250 ரவைகள் இருக்கும். வாத்து ஒன்று வீழ்வதற்கு அவற்றுள் சிலவே போதும். எஞ்சியவை அனைத்தும் நீரில் விழுந்து அடியில் தங்கும். குறி தவறினாலோ, 250 ரவைகளும் நீருக்குரியவை ஆகின்றன. ஒரே நீர்நிலையில் ஆண்டுதோறும் வேட்டை நிகழுமாயின் அதன் அடித்தளம் உலோக உருண்டைகளின் களஞ்சியமாகிவிடும்.

வாத்துக்குப் பல் இல்லை. விதைகளையும் தண்டுகளையும் அரைப்பதற்கு அது சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் தேக்கிக்கொள்கிறது. சேற்றை அலகால் அரித்து உண்ணும் வாத்துக்குச் சிறு கல்லுக்கும் ரவைக்கும் வேறுபாடு தெரியாது. விதை என்று எண்ணியும் விழுங்கக்கூடும். அரைவைப்பையின் வலிய தசைகள் ரவையைத் தேய்க்கின்றன. செரிமான அமிலம் அதனைக் கரைக்கிறது. கரைந்த காரீயம் குருதியில் கலந்து, ஈரல், சிறுநீரகம், எலும்பு, நரம்பு ஆகியவற்றை அடைகிறது. குருதிச் சிவப்பணுக்கள் உருவாவதற்குத் தேவையான நொதிகளின் செயல் தடைப்படுகிறது.

நோயுற்ற பறவையின் சிறகுகள் தொங்கும். எச்சம் பச்சை நிறமாகும். நெஞ்சுத் தசை வற்றும். உணவுக்குழல் செயலிழந்து உண்டது செரியாமல் தங்கும். இரண்டு மூன்று வாரங்களில் அது இறந்துபடும். இவ்வாறு இறக்கும் பறவைகள் ஓரிடத்தில் குவியலாகக் கிடப்பதில்லை. வலுவிழந்தவை கோரைப் புதர்களில் ஒதுங்குகின்றன. நரியும் நாயும் பருந்தும் அவற்றைத் தின்றுவிடுகின்றன. நாள்தோறும் ஒன்றிரண்டாக நிகழும் இறப்பு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. இந்நஞ்சு நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

தீங்கு வாத்தோடு முடிவதுமில்லை. ரவை தைத்த பறவையைத் தின்னும் கழுகும் பருந்தும் நஞ்சேறி மடிகின்றன. வேட்டை இறைச்சியை உண்ணும் மனிதர்க்கும் இது பொருந்தும். காரீயத்தைப் பொறுத்தவரை தீங்கற்றது என்று கொள்ளத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் குழந்தைகளின் மூளையே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகிறது.

எல்லா நீர்ப்பறவைகளுக்கும் இடர் ஒரே அளவினது அன்று என்பதும் நோக்கத்தக்கது. வேட்டங்குடியின் அடையாளமான நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மீன், நத்தை, பூச்சி ஆகியவற்றை உண்பன. அரைப்பதற்கென்று கல் தேடி விழுங்குவன அல்ல. ஆழமற்ற நீரில் தலையை அமிழ்த்திச் சேற்றை அரிக்கும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, புள்ளி மூக்கு வாத்து முதலியவற்றுக்கே இடர் மிகுதி. தென் ஐரோப்பிய ஈரநிலங்களில் ரவையை விழுங்கியவையாகக் கண்டறியப்பட்ட வாத்துகளுள் ஊசிவால் வாத்து முன்னிற்கிறது. அவ்வினம் பனிக்காலத்தில் தமிழகக் கண்மாய்களுக்கும் வருவதாகும்.

3. உலக நாடுகள் கண்ட தீர்வு

அமெரிக்காவில் வாத்துகள் காரீய நஞ்சால் இறப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயற்கை ஆர்வலர்கள் குறிப்பிட்டனர். எனினும் சிக்கலின் அளவை எண்களால் உணர்த்தியவர் பிராங்க் பெல்ரோஸ். வட அமெரிக்க நீர்ப்பறவைகளுள் ஆண்டுதோறும் 2 முதல் 3 விழுக்காடு காரீய ரவையை விழுங்கி இறக்கின்றன என்று 1959ஆம் ஆண்டு அவர் மதிப்பிட்டார். அதன்பின்னும் முப்பது ஆண்டுக்கால வாதம் தொடர்ந்தது. எஃகு ரவை பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தும், துப்பாக்கிக் குழலைக் கெடுக்கும் என வேட்டையாடுவோர் எதிர்த்தனர். அமெரிக்க நாட்டுச் சின்னமான வெண்தலைக் கழுகு, ரவை தைத்த வாத்துகளைத் தின்று மடிவது தெரியவந்தபின் நிலை மாறியது. 1991ஆம் ஆண்டு முதல் நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவை நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

நெதர்லாந்து 1993ஆம் ஆண்டும் டென்மார்க் 1996ஆம் ஆண்டும் காரீய ரவையை முற்றாக விலக்கின. இங்கிலாந்து 1999ஆம் ஆண்டு நீர்ப்பறவை வேட்டையிலும், கனடா அதே ஆண்டில் வலசைப் பறவை வேட்டையிலும் கட்டுப்பாடு விதித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களிலும் அவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் எல்லைக்குள்ளும் காரீய ரவையைச் சுடுவது 2023 பிப்ரவரி 15 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

தடையின் பயன் அளந்தும் காட்டப்பட்டுள்ளது. 1996, 1997ஆம் ஆண்டுகளின் வேட்டைப் பருவங்களில் மிசிசிப்பி வலசைப் பாதையில் வீழ்த்தப்பட்ட வாத்துகளின் அரைவைப்பைகளை ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். மல்லார்டு என்னும் வாத்தினத்தில் காரீய நஞ்சால் நேரும் இறப்பு 64 விழுக்காடு குறைந்திருக்கிறது என்றும், 1997ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 14 இலட்சம் வாத்துகள் இதனால் உயிர் பிழைத்தன என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். வேட்டை நிற்கவில்லை, உலோகம் மட்டுமே மாறியது. அம்மாற்றமே இத்துணைப் பயனை நல்கியது என்பது இங்குக் கருதத்தக்கது.

4. நச்சற்ற ரவையைத் தேரும் அளவுகோல்கள்

மாற்று ரவையைத் தேர்வதில் நான்கு அளவுகோல்கள் கருதப்படுகின்றன. அவை நச்சின்மை, அடர்த்தி, கடினம், விலை என்பன. இவற்றுள் நச்சின்மையே முதன்மையானது. காரீயம் அல்லாத உலோகம் எதுவாயினும் தீங்கற்றது என்று கொள்ளுதல் தவறாகும். துத்தநாக ரவை இதற்குச் சான்று. அதனை விழுங்கிய வாத்துகளும் நஞ்சேறி நலிந்தமை சோதனைகளில் வெளிப்பட்டது. அமெரிக்க நடைமுறையில் புதிய ரவையை உருவாக்குவோர், வாத்துகளுக்கு அது தீங்கு செய்யாது என்பதை ஆய்வுகளால் மெய்ப்பித்த பின்னரே ஒப்புதல் பெற முடியும். ஒப்புதல் பெற்ற ரவையில் கலப்பாக எஞ்சும் காரீயம் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கு ஏறத்தாழ 7.8, பிஸ்மத்துக்கு 9.8, டங்ஸ்டனுக்கு 19.3. ஒரே விட்டமுள்ள எஃகு ரவை, காரீய ரவையின் எடையில் பத்தில் ஏழு பங்கே இருக்கும். எடை குறைந்த உருண்டை காற்றின் தடையால் விரைவில் வேகம் இழக்கும். இக்குறையை ஈடுசெய்ய எஃகு ரவையின் விட்டத்தை ஏறத்தாழ 13 விழுக்காடு கூட்டினால் எடை சமமாகும். 2.8 மி.மீ. காரீய ரவைக்கு மாற்றாக 3.3 மி.மீ. எஃகு ரவையைக் கொள்ளுமாறு வேட்டைக் கையேடுகள் அறிவுறுத்துவதன் அடிப்படை இதுவே. அவர்களது எண் முறையில் இது ஆறிலிருந்து நான்குக்கு மாறுவது. எண் குறையக் குறைய ரவை பெரிதாகும். ரவை பெரிதாவதால் ஒரு தோட்டாவில் அடங்கும் எண்ணிக்கை மாறுகிறது. தொலைவிலுள்ள பறவையைச் சுடாமல் நெருங்கிய பின்னரே சுட வேண்டியதாகிறது. எஃகு ரவை காயப்படுத்தும் என்ற குற்றச்சாட்டுக்கு விடையும் இதில் அடங்கியுள்ளது. பொருந்தாத அளவையும் மிகையான தொலைவையும் தவிர்த்தால் எஃகு ரவையும் செயல்திறம் உடையதே.

மூன்றாவது கடினம். காரீயம் மென்மையானது, குழலின் உட்புறத்தைக் கீறாது. எஃகு கடினமானது. மெல்லிய குழலுடைய பழந்துப்பாக்கியிலும், முனை மிகவும் ஒடுங்கிய குழலிலும் எஃகு ரவையைப் பயன்படுத்தினால் குழல் பழுதுறலாம். இதனைத் தடுக்கவே தோட்டாவினுள் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றில் ரவைகள் வைக்கப்படுகின்றன. அக்கிண்ணம் சுடுந்தோறும் நீரில் விழுந்து மற்றொரு மாசாவதால், மக்கும் பொருளால் அதனை அமைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பிஸ்மத் காரீயத்தைப் போன்றே மென்மையானது. ஆகவே பழந்துப்பாக்கிகளுக்கு ஏற்றது. ஆயின் அது நொறுங்கும் இயல்புடையது. அவ்வியல்பைக் குறைக்க 97 பங்கு பிஸ்மத்துடன் 3 பங்கு வெள்ளீயம் சேர்க்கப்படுகிறது. டங்ஸ்டன் தனித்தன்றி இரும்பு, வெள்ளீயம், பிளாஸ்டிக் முதலியவற்றோடு கலந்தே ரவையாக்கப்படுகிறது. கலவைக்கேற்ப அதன் அடர்த்தியும் கடினமும் மாறும்.

இறுதியாக விலை. மாற்றுகளுள் எஃகு மலிவானது. பிஸ்மத் அதனினும் விலை மிக்கது. டங்ஸ்டன் மிக உயர்ந்த விலையுடையது. உலக நாடுகளில் எஃகே பெருவழக்காக நிலைபெற்றதற்கு இதுவே காரணம். எனவே நற்குழலுடைய துப்பாக்கிக்கு எஃகு, பழந்துப்பாக்கிக்குப் பிஸ்மத், சிறிய ரவையும் மிகுந்த அடர்த்தியும் வேண்டுவோர்க்கு டங்ஸ்டன் கலவை என இத்தேர்வைச் சுருக்கிக் கூறலாம்.

5. இந்திய நிலை: விலக்கப்பட்ட வேட்டை, எழாத வினா

தமிழகத்தில் நீர்ப்பறவைகளுக்காகத் துப்பாக்கிக்கு எதிராக எழுந்த குரல் பழமையானது. செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கலில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட்டனர். அதன்பேரில் 1798ஆம் ஆண்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்ததே அம்முறையீட்டின் பின்புலம்.

இதற்கு நேர்மாறானது பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் சதுப்பில் 1938ஆம் ஆண்டு வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒருநாள் வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அவ்வெண்ணிக்கை கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் அப்பூங்காவில் நிற்கிறது. கல்வெட்டு வீழ்ந்த பறவைகளைக் கணக்கிடுகிறது; நீரில் விழுந்த ரவைகளைக் கணக்கிடவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் வழங்க இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிம முறையையே நீக்கியது. இதனால் ஒரு விந்தையான நிலை தோன்றியது. வேட்டையை அனுமதித்த நாடுகள் ரவையின் உலோகத்தை முறைப்படுத்த வேண்டியதாயிற்று. வேட்டையை விலக்கிய நாட்டிலோ அவ்வினாவுக்கே இடமில்லாமற் போயிற்று. ஆயினும் காரீயம் பின்வரும் நான்கு வழிகளில் நம் நீர்நிலைகளோடு இன்றும் தொடர்புடையதாகிறது.

முதலாவது, பழைய எச்சம். சேற்றில் புதைந்த காரீய ரவை எளிதில் அழிவதில்லை; பல பத்தாண்டுகள் கிடக்கும். அடித்தளம் இறுகியதாக இருந்தால் ரவை ஆழப் புதையாமல் மேற்பரப்பிலேயே தங்கும். கண்மாய்கள் ஆழமற்றவை, கோடையில் வற்றி வெடிப்பவை, வண்டலுக்கு அடியில் இறுகிய தரையுடையவை. வண்டல் அள்ளும் பணி புதைந்ததை வெளிக்கொணரவும் கூடும், முற்றாக அகற்றவும் கூடும்.

இரண்டாவது, இன்றும் ஒலிக்கும் துப்பாக்கி. நாட்டுத் துப்பாக்கியுடன் பிடிபடுவோர் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் 'பால்ரஸ் குண்டு' என்னும் சொல் அடிக்கடி இடம்பெறுகிறது. மிதிவண்டி முதலியவற்றின் சக்கர அச்சில் சுழலும் எஃகு உருண்டைக்கு வழங்கும் பெயர் அது. காரீயமும் எஃகும் இரண்டுமே இங்குப் புழக்கத்தில் உள்ளன என்பதை இதனால் அறியமுடிகிறது. அவற்றுள் எது என்பதைக் கைக்கெட்டும் தன்மையே முடிவு செய்கிறது. மேலும், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. கண்மாய்ப் பாசன வயலில் வெருட்டுவதற்காகச் சுடப்படும் ரவையும் நீர் தேங்கிய மண்ணிலேயே விழும். இங்கு நரிக்குறவர் போன்ற சமூகத்தினரை மட்டும் குற்றவாளிகளாகக் காட்டும் போக்கு நேர்மையற்றது. பெருங்கூட்டமாகப் பறவைகளைக் கொன்ற வேட்டை மரபு ஆட்சியாளர்க்கும் அரசர்க்கும் உரியதாக இருந்தது என்பதற்குப் பரத்பூர்க் கல்வெட்டே சான்று.

மூன்றாவது, மீன்பிடி வலை. கோடையில் கண்மாய் வற்றும் தறுவாயில் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மீன்பிடித் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. வீச்சுவலை, ஊத்தா, கச்சா ஆகியவற்றுடன் சுற்றூர் மக்கள் திரளாக நீரில் இறங்குகின்றனர். வீச்சுவலையின் விளிம்பில் கோக்கப்படும் காரீயக் குண்டு அறுந்து விழுந்தால், அதுவும் வாத்து விழுங்கத்தக்க பொருளே. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் அன்னங்கள் மடிந்தமைக்குத் தூண்டில் எடைகளாகப் பயன்பட்ட காரீயமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்நாடு 1987ஆம் ஆண்டு 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான காரீயத் தூண்டில் எடைகளின் விற்பனையைத் தடை செய்தது.

நான்காவது, வலசை. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கே நெடுந்தொலைவிலுள்ள நிலங்களில் இனப்பெருக்கம் செய்து, மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக நம் கண்மாய்களை அடைகின்றன. இடைவழியில் அவை இறங்கும் நீர்நிலைகளில் விழுங்கிய ரவையின் விளைவை எந்த ஊரிலும் சந்திக்கலாம். ஆகவே, நமக்குத் தொடர்பற்றது போல் தோன்றும் அயல்நாட்டு வேட்டையாடியின் தோட்டாத் தேர்வு, கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் காக்கும் பறவையின் உயிரோடு பிணைந்துள்ளது.

6. செய்யத்தக்கன

பொருளை மாற்றிப் பறவையைக் காக்கும் வழி இந்தியாவுக்குப் புதிதன்று. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் பாறு கழுகுகள் பேரளவில் அழிந்தபோது, 2006ஆம் ஆண்டு அரசு அம்மருந்தைக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் மாற்றாக முன்வைக்கப்பட்டது. காரீயத்தின் தீமையையும் இந்தியச் சட்டம் அறிந்தே உள்ளது. 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டு வண்ணப்பூச்சுகளில் அதன் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கு என வரையறுத்தன. சுவரில் விலக்கப்பட்ட உலோகத்தை நீரில் விலக்குவது இதன் இயல்பான அடுத்த படியாகும்.

பன்னாட்டளவிலும் வாய்ப்பு உண்டு. வலசை உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2014ஆம் ஆண்டு கீட்டோ நகரில் கூடி, காரீய வெடிபொருள்களைப் படிப்படியாக விலக்குமாறு பரிந்துரைக்கும் வழிகாட்டுதல்களை ஏற்றன. இந்தியா 1983 முதல் அவ்வுடன்படிக்கையின் உறுப்பு நாடு. 2024ஆம் ஆண்டு சமர்கண்ட் மாநாட்டில் ஏற்கப்பட்ட மத்திய ஆசிய வலசைப் பாதைத் திட்டத்தில் ஒருங்கிணைப்புப் பொறுப்பும் இந்தியாவைச் சார்ந்தது. வேட்டையைத் தன் மண்ணில் விலக்கிய நாடு என்ற தகுதியோடு, வேட்டை தொடரும் அண்டை நாடுகளிடம் நச்சற்ற ரவையை வலியுறுத்த இந்தியாவுக்கு இடமுண்டு.

கண்மாய் அளவில் செய்யத்தக்கவை எளியவை. இறந்துகிடக்கும் வாத்துகளின் அரைவைப்பையை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்தல், ஈரலில் காரீய அளவைச் சோதித்தல், வண்டல் அள்ளும்போது மண்ணைச் சலித்து ரவையையும் வலைக்குண்டையும் எண்ணுதல் ஆகியன அருகிலுள்ள கல்லூரிகளின் விலங்கியல், வேதியியல் துறைகள் வனத்துறையின் இசைவுடன் மேற்கொள்ளக்கூடிய பணிகள். மீன்பிடித் திருவிழாவுக்கு வருவோர் காரீயக் குண்டுக்கு மாற்றாக இரும்புச் சங்கிலி கோத்த வலையைக் கொணருமாறு ஊர்க்கூட்டம் முடிவெடுக்கலாம். பட்டாசைத் தாமே விலக்கிய ஊரார்க்கு இது கடினமான முடிவன்று. அவர்களுக்குத் தேவைப்படுவது, கண்ணுக்குப் புலப்படாத இந்நஞ்சைப் பற்றித் தெளிந்த தமிழில் அமைந்த செய்தி.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன புலனாகின்றன. காரீய ரவை குறி தவறிய பின்னரும் கொல்லும் இயல்புடையது. வேட்டையைத் தொடர்ந்துகொண்டே உலோகத்தை மாற்றிய நாடுகள் பெரும்பயன் கண்டுள்ளன. எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் கலவை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்வது துப்பாக்கியின் தன்மை, பறவையின் தொலைவு, விலை ஆகியவற்றைப் பொறுத்தது. நச்சின்மையோ எந்நிலையிலும் விட்டுக்கொடுக்கலாகாதது. வேட்டையை விலக்கிய இந்தியாவில் உலோகத்தைப் பற்றிய வினா எழாமற் போனாலும், பழைய எச்சம், நாட்டுத் துப்பாக்கி, மீன்வலை, வலசை என்னும் நான்கு வழிகளில் காரீயம் நம் கண்மாய்களைத் தொடுகிறது. 'ஈயம்' என்னும் ஒரே சொல்லுக்குள் மறைந்திருக்கும் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் பிரித்துச் சொல்வது, இவ்விழிப்புணர்வுக்குத் தமிழாய்வு ஆற்றக்கூடிய முதற்பணி. வெடியொலியைக் கைவிட்ட ஊர்களின் பறவைகளுக்கு நீரடியிலும் காப்பு கிடைக்க வேண்டுமாயின், தடையோடு உலோகத் தேர்வும் நம் சட்டத்திலும் வழக்கத்திலும் இடம்பெற வேண்டும்.